வலது பக்கக் கண்ணாடி

ஆலப்பாக்கத்தில் யார் வீட்டுக்குப் புது வண்டி வந்தாலும் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, பிள்ளையார் கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது. அது ஐயர் வேலை. இன்னொன்று, பொட்டு காயுமுன்னே வண்டியைப் பழனிவேல் பட்டறைக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கக் கண்ணாடியையும் கழற்றிப் போடுவது. அதற்குப் பழனிவேல் கூலி வாங்க மாட்டான். பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நாலு திருப்பு. கண்ணாடி நின்ற ஓட்டையில் மழைத்தண்ணி இறங்காமல் ஒரு ரப்பர் மூடி. "இப்ப பாரு வண்டிய!" என்று ஒரு தட்டு தட்டி அனுப்பிவிடுவான்.

எதற்காகக் கழற்ற வேண்டும் என்று கேட்டால் ஒருத்தனுக்கும் பதில் தெரியாது. "கண்ணாடியோட ஓட்டுனா பால்காரன் வண்டி மாரி இருக்கும்ணே" என்பான் ஒருத்தன். "பின்னால வர்றவனப் பாத்துக்கினா நாம ஓட்றோம்?" என்பான் இன்னொருத்தன். வண்டி செய்த கம்பெனிக்காரன் வேலை வெட்டி இல்லாமலா இரண்டு கண்ணாடியை மாட்டி அனுப்பினான்? அதெல்லாம் இவர்களிடம் பேசக் கூடாது. பேசினால் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டத்துக்குப் பயந்தே ஊரில் ஒரு வண்டியிலும் கண்ணாடி இல்லை.

கழற்றிய கண்ணாடியெல்லாம் பட்டறைக்குப் பின்னால் ஒரு உரச் சாக்கில் கிடக்கும். பதினைந்து வருசத்துக் கண்ணாடி. ஆனி மாசக் கடைசியில், வெயில் தகரத்தைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பழனிவேல் அந்தச் சாக்கைத் தரையில் கவிழ்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான்.

சோத்துக் கேரியரோடு வந்த அவன் பெண்சாதி காயத்ரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாத்தய்யா தேடுற? சோறு ஆறுது."

"மாப்ள வண்டி கண்ணாடி."

"அது இப்ப இன்னாத்துக்கு?"

"தலையாடிக்கு அழைக்கப் போவணும்ல. தங்கச்சி வெண்மதிகிட்ட இருக்குற ஸ்கூட்டிக்குக் கண்ணாடி இல்ல. எடுத்துக்கினு போறேன்."

"கடைல புதுசா வாங்கிக்கினு போயேன். இந்தக் குப்பையில அத எங்க போய்த் தேடுவ?"

"அதுதான் வேணும்" என்றான் பழனிவேல். தலையைத் தூக்கவில்லை.

காயத்ரி கேரியரைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும். அவனுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு. அதைத் தொடாமல் அவன் கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். தை மாசத்திலிருந்து மனுசன் இப்படித்தான். நல்லா சாப்பிட்டு ஆறு மாசம் ஆகிறது.

அந்தத் தை மாசத்தைச் சொல்லாமல் கதை நகராது.

போன ஆவணியில் பழனிவேல் தன் தங்கச்சி வெண்மதியைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தான். மாப்பிள்ளை ராஜவேலுக்கு மருந்து மொத்தக் கடையில் வேலை. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் இருக்கிற மெடிக்கல் ஷாப் பூராவும் ஏறி இறங்கி ஆர்டர் எடுக்க வேண்டும். அப்பன் இல்லாத வீட்டில் அண்ணன்தானே அப்பன்? பழனிவேலே ஷோரூமுக்குப் போய் இன்ஜின் சத்தம் கேட்டு, செயினைத் தடவிப் பார்த்து, ஒரு கறுப்பு வண்டியைச் சீராக எடுத்துக் கொடுத்தான். பூஜை அன்றைக்கு வெண்மதி ஹேண்டில், டேங்க், கண்ணாடி முதுகு எல்லாவற்றிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. குடி இல்லை, பீடி இல்லை. ஆனால் ஊரில் அவனுக்கு முதல் நாளே திமிர் பிடித்தவன் என்று பெயராகிவிட்டது. பந்தியில் உட்காரும்போது இடம் மாறி மாறிப் போய் வலது ஓரத்தைத்தான் பிடிப்பான். பெரியவர்கள் பக்கத்தில் நின்று "வாப்பா" என்றால் சில நேரம் திரும்பிச் சிரிப்பான், சில நேரம் காதிலேயே வாங்காமல் போய்விடுவான். "சிதம்பரத்துக்காரன்ல, அதான் இம்புட்டு கிராக்கி" என்றார்கள். பழனிவேலுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான்.

தலைப் பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். காணும் பொங்கல் அன்று ஊர்ப் பையன்கள் முப்பது வண்டியில் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போவது வழக்கம். புது மாப்பிள்ளை யார் இருந்தாலும் அவன் வண்டிதான் முன்னால் போக வேண்டும். காலையிலேயே பழனிவேல் வீட்டு முன்னால் வண்டிகள் வந்து நின்று, தெருவே புகையாகக் கிடந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் அருண்பாண்டியன், பழனிவேலுக்குச் சித்தப்பா மகன். ராஜவேல் வண்டியைப் பார்த்தானோ இல்லையோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே! மெக்கானிக் வூட்டு மாப்ள வண்டியில கொம்பு மாரி ரெண்டு கண்ணாடி நிக்கிது. லேடீஸ் வண்டியாண்ணே இது?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். பழனிவேலுக்குக் காது மடல் சுட்டது. ஊரான் வண்டிக்கெல்லாம் கழற்றியவன் மச்சினன் வண்டிக்கு விட்டுவிட்டானே! ஓடிப்போய் ஸ்பேனரை எடுத்து வந்தான்.

"இருக்கட்டும் மச்சான்" என்றான் ராஜவேல்.

"சொம்மா இருங்க மாப்ள. ரெண்டு நிமிசம்."

"இல்ல மச்சான். எனக்கு அது பழக்கம். இருக்கட்டுமே."

"பழக்கமாவது ஒண்ணாவது! பசங்க சிரிக்கிறானுங்க பாருங்க."

ராஜவேல் வலது கண்ணாடியின் தண்டைக் கையால் பிடித்துக்கொண்டான். மூன்றாந்தரமும், "மச்சான், வேணாம்" என்றான். அப்போது அவன் முகம் இருந்த இருப்பைப் பழனிவேல் பார்க்கத்தான் செய்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டான். அருண்பாண்டியன் பின்னாலிருந்து, "மாமாவுக்கு அக்காவ கண்ணாடியில பாத்துக்கினே ஓட்டணுமாம்டா!" என்று கத்தினான். விசில் பறந்தது. வாசற்படியில் நின்ற வெண்மதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். முப்பது பேரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

ராஜவேல் கையை எடுத்தான். சிரித்தான். "சரி, கழட்டுங்க" என்றான்.

அந்த வண்டிக்கு வலது கண்ணாடியின் திருகு மரை தலைகீழ். எல்லாவற்றையும் போலத் திருப்பினால் இறுகும். பழனிவேல் அவசரத்தில் தப்பாகத் திருப்பி, அது வராமல் அடம்பிடித்து, பிறகு ஞாபகம் வந்து எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றினான். அந்த வினாடியிலாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லையே, பாவி!

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் போக வேண்டிய மாப்பிள்ளை எல்லாருக்கும் கடைசியில், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனான். அதற்கும் சிரித்தார்கள். சிதம்பரம் திரும்பிய நாலாம் நாள் ராஜவேல் போன் பண்ணினான்.

"மச்சான், அந்தக் கண்ணாடி ரெண்டும் பத்திரமா இருக்குதா?"

"சாக்குல கெடக்குது மாப்ள. ஏன்?"

"ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம வந்து மாட்டிக்கலாம்னு பாத்தேன்."

பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்கட்டும் என்று பழனிவேல் சத்தமாகச் சிரித்தான். "இன்னா மாப்ள நீங்க! கழட்டுனத மாட்டுனா இந்தப் பசங்க என்னியில்ல கேலி பண்ணுவானுங்க? சிங்கம் மாரி ஓட்டுங்க!" என்று சொல்லி வைத்துவிட்டான். மறுபடியும் கேட்க அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் பனி கொட்டிய ஒரு காலையில் ராஜவேல் கடலூரிலிருந்து வந்து பி.முட்லூரில் புவனகிரி ரோட்டுக்கு வலது பக்கம் திரும்பினான். பின்னால் வந்த மீன் வண்டி ஆரன் அடித்துக்கொண்டே வலதில் ஏறி வந்தது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. வலது முட்டி மூன்று துண்டு.

சிதம்பரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வெண்மதி அண்ணனைப் பார்த்து அழவில்லை. தனியாகக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னாள்.

"அவுருக்கு வலது காது கேக்காதுண்ணா. சின்ன வயசுலயே சீழ் வடிஞ்சி போயிடுச்சாம். கல்யாண மேடையில அவுரு வலது பக்கம் ஒக்காந்துக்கினு தண்ணி வேணும்னு மூணு தரம் கேட்டேன். திரும்பியே பாக்கல. திமிருன்னு நானே நெனச்சேன். அன்னிக்கு ராத்திரிதான் சொன்னாரு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

பந்தியில் அவன் வலது ஓரம் பிடித்தது எதற்கு என்று பழனிவேலுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அந்தக் கண்ணாடிதாண்ணா அவுருக்குக் காது. பின்னால வர்றத அதுல பாத்துத்தான் திரும்புவாரு. நீ கழட்டுற, நான் பாத்துக்கினு நிக்கிறேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அத்தினி பேரு எதுர்ல எம் புருசன் காத எப்புடிண்ணா சொல்லுவேன்?"

"எங்கிட்டயாச்சும் தனியா சொல்லியிருக்கக் கூடாதா பாப்பா?"

"நீ மட்டும் தனியா இருந்தியாண்ணா? கூட்டத்தோடதான இருந்த?"

அதற்குப் பிறகு அவள் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. "அவுருக்குத் தெரியக் கூடாது, உனக்கு நான் சொன்னது" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? அடுத்த நாளே உத்திராபதி டீக்கடையில் பேச்சு.

"ஆரன் அடி அடின்னு அடிச்சானாம்யா மீன் வண்டிக்காரன். திரும்பியே பாக்கலியாம்" என்றார் உத்திராபதி, டீயை ஆற்றிக்கொண்டே.

"ஹெட்போன் மாட்டிக்கினு பாட்டு கேட்டிருப்பாரு" என்றான் அருண்பாண்டியன். "இங்கயே கூப்புட்டா திரும்ப மாட்டாரு. திமிரு ஜாஸ்தி. வண்டிக்காரன் இன்னா பண்ணுவான் பாவம்?"

பழனிவேல் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காதைப் பற்றிச் சொல்லக் கூடாது, சரி. தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு. கண்ணாடியைக் கழற்றியது நான்தான்டா, மாட்டித் தாங்க என்று கேட்டவனைச் சிரித்து அனுப்பியது நான்தான்டா என்று சொல்வதற்கு யார் தடை போட்டார்கள்? ஒருத்தரும் போடவில்லை. டீயைக் குடித்தான், எழுந்து வந்தான். அன்றிலிருந்து ஆறு மாசம் அந்தப் பேச்சு ஊரில் அப்படியே நின்றுவிட்டது.

நொறுங்கிய வண்டியை ஸ்டேஷனிலிருந்து மீட்டு வந்து பழனிவேலே ராப்பகலாக உட்கார்ந்து நிமிர்த்தினான். ஆனால் ராஜவேலின் வலது முட்டி மடங்கவில்லை. பிரேக் மிதிக்கிற கால். பழனிவேல் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு, இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிற ஒரு பழைய ஸ்கூட்டியை மாற்றி வெண்மதிக்கு அனுப்பினான். அதை விற்றவனும் எங்கோ ஒரு ஊரில் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். வெண்மதி ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது அவள்தான் புருசனைப் பின்னால் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய் விடுகிறாள். கடையில் அவனுக்குக் குடோனில் உட்கார்ந்து பெட்டி எண்ணுகிற வேலை.

"கெடச்சிது" என்றான் பழனிவேல்.

கண்ணாடியின் முதுகில் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டிய சந்தனம். நடுவில் குங்குமக் கறை. வலது பக்கத்துக் கண்ணாடி. இடதையும் பக்கத்திலேயே எடுத்தான். இரண்டையும் வேட்டி முனையில் துடைத்தான். சந்தனத்தைத் துடைக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம். அருண்பாண்டியன் ஒரு புது வண்டியில் வந்து இறங்கினான். வண்டிக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை.

"அண்ணே, மாமன் மவன் வண்டி. கண்ணாடிய கழட்டுண்ணே."

பழனிவேல் அவனை நிமிர்ந்து பார்த்தான். சொல்லிவிடலாம். இப்போது கூட்டம்கூட இல்லை.

"ஸ்பேனர் எங்கியோ போட்டுட்டேண்டா" என்றான்.

காயத்ரி அவனைப் பார்த்தாள். அருண்பாண்டியன் சுவரைப் பார்த்தான். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணே, கண்ணு மங்கிடுச்சா?" என்று அவனே எடுத்து, அவனே கழற்றி, தரையில் கிடந்த குவியலில் போட்டான். "இந்தா, ஒன் கலெக்சன்ல சேத்துக்க." ரப்பர் மூடியைக்கூட அவனே டப்பாவில் தேடி எடுத்து அடித்துவிட்டுப் போனான்.

"ஏன்யா, வேணாம்னு சொன்னா தலையயா வாங்கிடுவான்?" என்றாள் காயத்ரி.

பழனிவேல் சோற்றில் கைவைத்தான், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மறுநாள் காலை தேங்காய், வெல்லம், வெற்றிலை பாக்கு, மாப்பிள்ளைக்கு வேட்டி எல்லாம் கட்டைப்பையில் வைத்து, அடியில் செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடியோடு பஸ் ஏறினான். புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். பி.முட்லூரில் பஸ் நின்றபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான்.

சிதம்பரத்தில் ராஜவேல் வீடு அண்ணாமலை நகர் போகிற வழியில் ஒரு சந்தில். ராஜவேல் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கே வந்தான். இளைத்திருந்தான்.

"வாங்க மச்சான். பஸ்ல கூட்டமா?"

"இல்ல மாப்ள. காலியாத்தான் வந்துச்சு."

வெண்மதி இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வைத்தாள். அண்ணனுக்கு வலது ஓரத்தில் இலை போட்டாள். ராஜவேல் சத்தமில்லாமல் இலையை இடம் மாற்றி, தான் வலது ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் போட்ட இலை தவறிப் போட்டதா, வேண்டுமென்றே போட்டதா? பழனிவேல் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"தலையாடிக்கு ரெண்டு பேரும் வரணும் மாப்ள" என்றான் பழனிவேல். "அதுக்குத்தான் வந்தேன்."

ராஜவேல் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தான். "ஊர்ல எல்லாரும் எப்பிடி இருக்காங்க? பசங்க இன்னும் வண்டியில சுத்துறாங்களா?"

"சுத்துறானுங்க."

"என்னப் பத்திக் கேட்டாங்களா?"

பழனிவேல் இட்லியைக் கொத்சில் தொட்டான். "கேட்டாங்க" என்றான்.

"இன்னான்னு?"

"ஒடம்பு எப்பிடி இருக்குதுன்னு."

பொய். ராஜவேல் தலையை ஆட்டினான். "வர முடியுமான்னு பாக்கறேன் மச்சான். முன்ன மாரி இல்ல. எல்லாரும் இன்னா ஏதுன்னு கேப்பாங்க" என்று எழுந்து கை கழுவப் போனான். வரமாட்டான் என்று பழனிவேலுக்குப் புரிந்துபோனது. தலையாடிக்கு வராத மாப்பிள்ளை அப்புறம் எந்த நாளைக்கு வருவான்? தங்கச்சி அம்மா வீட்டு வாசலை மிதிப்பதும் அன்றோடு சரி.

வாசலில் ஸ்கூட்டி நின்றது. பழனிவேல் கண்ணாடிகளைப் பிரித்தான். மரை ஒத்துவராது என்று தெரிந்தே இரண்டு இணைப்பு நட்டும் கடைந்து எடுத்து வந்திருந்தான்.

"மாப்ள, செத்த சீட்ல ஒக்காருங்க. உயரம் பாத்து வைக்கணும்."

"ஓட்டப் போறவ அவதான மச்சான்?"

"நீங்களும் ஓட்டுவீங்க. பிரேக்கு கையிலதான இருக்குது."

ராஜவேல் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, மடங்காத காலை நீட்டி வைத்து உட்கார்ந்தான். பழனிவேல் கண்ணாடியை எடுத்ததும் அதன் முதுகில் இருந்த சந்தனத்தை ராஜவேல் பார்த்தான். இடது பக்கம் முதலில் மாட்டினான் பழனிவேல். பிறகு வலது பக்கம் போனான். குனிந்து நட்டை இறுக்கினான். அவன் வாய்க்கும் ராஜவேலின் வலது காதுக்கும் ஒரு சாண்தான் இருக்கும்.

இங்கே சொன்னால் கேட்காது. அது பழனிவேலுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அங்கே நின்று சொன்னான், கோழைப் பயல். "தப்பு பண்ணிட்டேன் மாப்ள" என்றான், மூச்சுக்காற்றைவிடக் கொஞ்சம் பெரிய குரலில். "உங்க கால நாந்தான் ஒடச்சேன். ஊர்ல உங்களத் திமிரு புடிச்சவன், பாட்டு கேட்டுக்கினு போனவன்னு சொல்றானுங்க. ஆறு மாசமா கேட்டுக்கினு இருக்கேன். ஒரு நாள் வாயத் தொறக்கல. நேத்துகூடத் தொறக்கல."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது போல இருந்தது. நிமிர்ந்தான். தன் கையால் திருப்பி வைத்த வலது கண்ணாடிக்குள் ராஜவேலின் கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ!

சந்தில் ஒரு சைக்கிள் போனது. காப்பியோடு வந்த வெண்மதி நிலைப்படியிலேயே நின்றாள்.

"மச்சான்" என்றான் ராஜவேல். திரும்பவில்லை, கண்ணாடியைப் பார்த்தே பேசினான். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

பழனிவேல் ஸ்பேனரைக் கீழே வைத்தான். வண்டியைச் சுற்றி இடது பக்கம் வர நாலு எட்டுதான். அந்த நாலு எட்டுக்குள் ஆறு மாசமும் வந்து போனது. ராஜவேல் இடது பக்கமாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தான்.

"தப்பு பண்ணிட்டேன் மாப்ள!"

சந்து முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "நாந்தான் கண்ணாடியக் கழட்டுனேன்! நீங்க கேட்டும் நாந்தான் தரல!" என்று பழனிவேல் தொண்டை கிழியக் கத்தினான். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

ராஜவேல் கையை நீட்டி அவன் தோளைப் பிடித்தான்.

"கத்தாதீங்க மச்சான்" என்றான். "இந்தக் காது நல்லா கேக்கும்."